சர்க்கரையை நிறுத்தினால் புற்று அடங்குமா? – ஒரு பழைய கணக்கு



போன வாரம் காலை நடையில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்தேன். பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். முகம் வாடியிருந்தது. மனைவிக்கு மார்பில் கட்டி, புற்று என்று உறுதியாகிவிட்டது, அடுத்த வாரம் கீமோ ஆரம்பம் என்றார். பிறகு கொஞ்சம் தெம்பாக, "ஆனா சார், நான் இப்பவே சர்க்கரை, அரிசிச் சோறு, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். புத்துக்குச் சர்க்கரைதானே சாப்பாடு? பட்டினி போட்டா தானே சாகும். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஏழெட்டு வருடம் முன்பு இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வழியில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 2016-இல் சினைப்பையில் புற்று வந்தது. எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்ததே அவள்தான். சென்னையில் வைத்தியம். 21 நாளுக்கு ஒரு கீமோ. அந்த நேரத்தில்தான் என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது: புற்று சர்க்கரையில் வாழ்கிறது என்று ஒரு ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினார், மருந்துக் கம்பெனிகள் அதை மறைத்துவிட்டன, சர்க்கரையை நிறுத்தினால் நோய் போய்விடும். ஆட்டோ வார்பர்க் என்று பெயரும் போட்டிருந்தது. அப்படி ஒருவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் அல்லவா? நம்பிவிட்டேன்.

அக்கா காப்பிப் பிரியை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேண்டும். அதை நிறுத்தினேன். சோற்றைக் குறைத்தேன். வாழைப்பழம், பொங்கல், இட்லி எல்லாம் போயிற்று. ஒருநாள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "ஏண்டா வாத்தியாரே, சக்கரை இல்லாத காப்பி குடிக்கிற அளவுக்கு நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். "உன் நல்லதுக்குத்தான்க்கா" என்றேன்.

இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டாள். மூன்றாவது கீமோவுக்குப் போனபோது உடம்பு தாங்காது என்று தள்ளி வைத்தார்கள். டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "யாரும் சொல்லல டாக்டர். எனக்கே வாய்க்குப் பிடிக்கல."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று இரவுதான் அந்த ஜெர்மன்காரர் உண்மையில் என்ன கண்டார் என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

புற்று என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ரமண மகரிஷி. நான் பிறப்பதற்கு முந்திய கதை, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டி. 1949 பிப்ரவரி 9-ஆம் தேதி அதை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் திரும்ப வந்தது. மார்ச் 27-இல் இரண்டாவது அறுவை. சோதித்துப் பார்த்ததில் சார்கோமா என்று தெரிந்தது. தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்று அது. ரேடியம் வைத்தார்கள். மீண்டும் வளர்ந்தது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. உடம்பே ஒரு நோய்தானே என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 7-இல் மூன்றாவது அறுவை, டிசம்பர் 19-இல் நான்காவது. நடுவில் பச்சிலை வைத்தியம், ஹோமியோபதி என்று அன்பர்கள் கொண்டுவந்ததெல்லாம் நடந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு முடிந்தது. கடைசி நாள் வரை தரிசனம் நிற்கவில்லை.

அன்றைக்குச் சென்னையில் புற்றுக்கென்று தனி மருத்துவமனை கிடையாது. தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் அதைத் தொடங்கியது 1954-இல். அதுவும் 12 படுக்கைகளோடு.

ஆன்மிகத்தை அறிந்தவர்கள் அந்த ஓராண்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுந்தது ஒரு வாத்தியாரின் கேள்வி. நாலு முறை அறுத்தும் அது நாலு முறை வளர்ந்ததே, வளர்வதற்கு வேண்டிய சாமான் அதற்கு எங்கிருந்து வந்தது? சாப்பிட்டது அவர் ஒருவர்தானே?

இந்தக் கேள்வியை அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே பெர்லினில் ஒருவர் கேட்டிருந்தார். அவர்தான் அந்த வார்பர்க்.

நம் உடம்பின் செல்கள் சர்க்கரையை, அதாவது குளுக்கோஸை, இரண்டு விதமாகப் பயன்படுத்தும். காற்று இருந்தால் முழுசாக எரிக்கும். மிஞ்சுவது தண்ணீரும் கரியமில வாயுவும்தான். காற்று போதாவிட்டால் பாதியில் நிறுத்திவிடும். அப்போது மிஞ்சுவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பது அதே அமிலம்தான். இட்லி மாவு இரவில் பொங்கிப் புளிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. வேகமாக மலையேறும்போது நம் கால் தசையும் கொஞ்ச நேரம் இப்படித்தான் சமாளிக்கிறது.

வார்பர்க் 1923 வாக்கில் எலிகளின் புற்றுக்கட்டியை மெல்லிய சீவல்களாக நறுக்கி, குளுக்கோஸ் கலந்த திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தார். அமிலத்தை அவர் அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா போட்டால் நுரைக்கிறது அல்லவா? அதுபோல, திரவத்தில் பைகார்பனேட் இருந்தது. கட்டி அமிலத்தை விட்டால் வாயு வெளியேறும். அந்த வாயு கண்ணாடிக் குழாயில் திரவ மட்டத்தை நகர்த்தும். அதைப் படித்தால் கணக்கு வந்துவிடும்.

அவர் கண்டது இதுதான்: சுற்றிலும் தாராளமாக ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றுத் திசு சர்க்கரையை அள்ளி அள்ளி எடுத்து, பாதியில் விட்டு, அமிலமாக்கித் தள்ளியது. காற்று இருக்கும்போதே புளிக்கும் மாவு மாதிரி.

இதில் இரண்டு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, 1931-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இதற்காக அல்ல. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. இரண்டு, யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் அன்றைக்கே அச்சில் வந்தது. அவர் பிறப்பால் பாதி யூதர். 1941-இல் ஹிட்லர் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியும், புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவர் என்று மறுபடி ஆய்வகத்துக்குள் விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தவறியதும் உண்டு. செல்லின் சுவாசம் கெட்டுப்போவதுதான் புற்றுக்கு மூல காரணம் என்று 1970-இல் இறக்கும் வரை பிடிவாதமாகச் சொன்னார். பெரும்பாலான புற்றுச் செல்களில் சுவாசம் நன்றாகவே நடக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. முழுசாக எரிக்கவும் தெரிந்திருந்தும் அவை இந்த ஊதாரி வழியையும் விடாமல் நடத்துகின்றன. ஏன்?

ஊதாரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதில் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. செல்லின் நாணயத்துக்கு ஏ.டி.பி. என்று பெயர். அசைவு, வளர்ச்சி, எல்லாவற்றுக்கும் இந்த நாணயம்தான். ஒரு குளுக்கோஸை முழுசாக எரித்தால் சுமார் 30 நாணயம். (நான் 38 என்று சொல்லிக்கொடுத்தேன். பழைய மாணவர்கள் மன்னிக்கவும், இப்போது 30, 32 என்கிறார்கள்.) பாதியில் விட்டால் வெறும் 2.

அந்த நாணயத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் பழைய சென்னை மாகாணத்துக்காரர். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் மேலங்கி போட்டுக்கொண்டு அறுவைக்கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு அமெரிக்காவுக்குப் போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்துக் காட்டினார். அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டார்.

சரி, 30 கிடைக்கும் இடத்தில் 2 வாங்கிக்கொண்டு போகிறவன் முட்டாளா? இல்லை. வீடு கட்டுகிறவனுக்குப் பணம் மட்டும் போதுமா? செங்கல் வேண்டும். சர்க்கரையை முழுசாக எரித்துவிட்டால் கரி எல்லாம் வாயுவாகப் போய்விடும். பாதி வழியில் வைத்துக்கொண்டால் அதிலிருந்து கொழுப்பு, மரபணுவுக்கான மூலப்பொருள் எல்லாம் செய்யலாம். ஓயாமல் இரண்டாகப் பிரிகிற செல்லுக்கு அதுதான் அவசரம். சர்க்கரை மட்டுமல்ல, புரதத்தில் வரும் குளுட்டமின் போன்றவற்றையும் அது எடுத்துக்கொள்ளும். ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல்.

வெளியே தள்ளும் அமிலமும் அதற்கு லாபம். பக்கத்துத் திசு அரிக்கப்பட்டு வழி கிடைக்கிறது. காவலுக்கு வரும் வெள்ளணுக்கள் அந்தப் புளிப்பில் சோர்ந்துபோகின்றன. கட்டி பெரிதாகி நடுவில் காற்று குறைந்தால், புதிய ரத்தக்குழாய் போடச் சொல்லி ஆளனுப்புகிறது. காற்றுக் குறைவைச் செல்கள் உணரும் முறையைக் கண்டவர்களுக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

பிறகு பரவுதல். கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் இறங்கும் செல்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவை போய் இறங்கும் இடத்தில் அங்கே கிடைப்பதைத் தின்னப் பழக வேண்டும். 1889-இலேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் பார்த்து, இது விதையும் மண்ணும் போல என்றார். எல்லா விதையும் எல்லா மண்ணிலும் முளைப்பதில்லை. நம் பக்கத்தில் மணிலாப் பயிர் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சார்கோமா விதைக்குப் பெரும்பாலும் பிடித்த மண் நுரையீரல்.

இப்போது என்னைக் குத்திய இடத்துக்கு வருகிறேன்.

1925-இல் அமெரிக்காவில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். கோழியின் ஒரு இறக்கையில் சார்கோமா. இன்னொரு இறக்கை நல்லது. இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இருந்த பக்கத்து ரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். உயிருள்ள உடம்பிலேயே கட்டியின் சாப்பாட்டை அளந்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த இடது முழங்கைதான் நினைவுக்கு வந்தது.

அந்த அமிலம் எங்கே போகிறது என்பதையும் அவர்கள் பிற்பாடு கண்டார்கள். ரத்தம் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல் பாடுபட்டு அதை மறுபடி குளுக்கோஸ் ஆக்கி அனுப்புகிறது. கோரி சுழற்சி என்று பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன். கட்டி 2 நாணயம் சம்பாதிக்கிறது. கழிவைத் திரும்பச் சர்க்கரையாக்கக் கல்லீரல் 6 நாணயம் செலவு செய்கிறது. கட்டிக்கு வரவு, உடம்புக்கு நஷ்டம். புற்று வந்தவர்கள் இளைப்பதற்கு வேறு பல காரணங்களோடு இதுவும் ஒன்று.

இன்னொன்று. நாம் சர்க்கரை சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைய விடாது. மூளைக்கு அது வேண்டுமே. கையிருப்பு தீர்ந்தால் தசைப் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துவிடும். நான் அக்காவின் சோற்றைக் குறைத்தபோது கட்டி பட்டினி கிடக்கவில்லை. அவளுடைய தோளும் தொடையும் கரைந்தன. வகுப்பில் கரும்பலகையில் எத்தனை முறை அந்த வட்டத்தை வரைந்திருப்பேன்! வீட்டில் நினைவுக்கு வரவில்லை.

பிறகு பெட் ஸ்கேன் எடுத்தபோது கண்ணாலேயே பார்த்தேன். கதிர்வீச்சு ஒட்டிய குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் எது என்று படம் எடுப்பார்கள். 1976-இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. வார்பர்க் கண்டதன் நேர் வாரிசு அது. படத்தில் கட்டி தெரிந்தது. அதைவிடப் பளிச்சென்று தலை தெரிந்தது. மூளைக்கும் போய்விட்டதோ என்று பதறினேன். அங்கிருந்த பையன், "பயப்படாதீங்க சார், மூளை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதுவும் சக்கரையிலதான் ஓடுது" என்றான். நோய்க்கும் நோயாளிக்கும் ஒரே பந்தி. இலையை எடுத்தால் இருவருக்கும்தான் இல்லை.

அப்படியானால் அதன் சாப்பாட்டில் கைவைக்கவே முடியாதா? முடியும். செய்து காட்டியவரும் அதே சுப்பாராவ்தான்.

ஃபோலிக் அமிலம் கீரையில் இருக்கும் வைட்டமின். கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுப்பார்களே, அதுதான். செல் பிரியும்போது மரபணுவைப் புதிதாகச் செய்ய அது வேண்டும். ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காத சுப்பாராவ் 1940-இல் லெடர்லே கம்பெனிக்குப் போய், அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்ததுபோல் தெரிந்தது. அப்படியானால் அதன் சாப்பாடு இதுதான், இதை மறித்தால் என்ன?

சுப்பாராவ் குழு அசலைப் போலவே இருக்கும் போலியைச் செய்துகொடுத்தது. அமினோப்டெரின். பூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி. செல் ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும், அதோடு வேலை நிற்கும். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 53.

அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்ஸேட். இதைப் படிப்பவர்களில் முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை அந்த மாத்திரை போடுகிறவர்கள் இருப்பீர்கள். 1956-இல் கருப்பையில் வரும் ஒருவகைப் புற்றை அதைக் கொண்டு குணப்படுத்த ஆரம்பித்தார்கள். 1970-களில் எலும்பு சார்கோமாவுக்கு அதிக அளவில் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்த முழங்கைக் கட்டி தெரிந்தது சுப்பாராவ் இறந்து சில மாதங்களில். அப்போது சார்கோமாவுக்கு மருந்தென்று ஒன்றும் இல்லை. கத்தியும் ரேடியமும்தான்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். சுப்பாராவ் உடம்பைப் பட்டினி போடவில்லை. கட்டியின் அவசரத்தைத் தெரிந்துகொண்டு அது கைநீட்டும் இடத்தில் பொறி வைத்தார். அப்போதும் முடி, குடல், எலும்பு மஜ்ஜை போன்ற வேகமாக வளரும் நல்ல செல்களுக்கும் அடி விழும். அந்த அடியைத் தாங்கத்தான் நோயாளிக்குத் தெம்பு வேண்டும். தெம்பு சாப்பாட்டிலிருந்துதான் வரும்.

அக்கா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். கீமோ தொடர்ந்தது. 2018 ஆவணியில் போய்விட்டாள். அந்த ஆறு கிலோவால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நோய் முற்றித்தான் தெரியவந்தது. ஆனால் அவளுக்கு இருந்த இரண்டு வருடத்தில் இரண்டு மாதக் காப்பியை நான் கசப்பாக்கினேன். அதற்குப் பிறகு கடைசி வரை அவளுக்கு நானே காப்பி போட்டேன். இரண்டு ஸ்பூன்.

சிநேகிதருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாடு அவசியம், அது வேறு. சாப்பாட்டு முறைகளைப் பற்றி ஆராய்ச்சிகள் நடக்கின்றன, அவை டாக்டர்கள் எடைபோட்டு, ரத்தம் பார்த்துச் செய்வது. நாமாகச் செல்போனைப் பார்த்து இலையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. புற்று மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருப்பார், முதல் நாளே கேளுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நேற்று அவர் போன் செய்தார். வீட்டில் பொங்கல் வைத்தார்களாம். அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டாராம்.